முந்திரிக் கொள்முதல் வேலைக்கு கினி-பிசாவு போகலாமா? அது எப்படிப்பட்ட நாடு?

கேட்டவருடைய தம்பிக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் கினி-பிசாவு என்ற நாட்டில் முந்திரிக் கொள்முதல் வேலை வந்திருக்கிறது. கூகுளில் தட்டினால் ராணுவப் புரட்சியும் போதைப்பொருளும்தான் வருகிறதாம். ஊர் எப்படி இருக்கும், ஜனங்களுக்கு என்ன பிழைப்பு, யார் ஆள்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

2017 முதல் 2019 வரை மூன்று சீசன் நான் அங்கே இருந்தேன். கொட்டை அறுத்துப் பார்ப்பதுதான் வேலை. மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுத்து, ஒரு கிலோவை எண்ணி, ஒவ்வொரு கொட்டையாகப் பிளந்து, நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, சூம்பியது, பொக்கு என்று பிரித்து எடை போடுவோம். 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று அதிலிருந்து கணக்கு வரும். தொழிலில் அதற்கு அவுட்டர்ன் என்று பெயர். கினி-பிசாவுக் கொட்டைக்கு 50க்கு மேல் சாதாரணமாக வரும். அதனால்தான் தூத்துக்குடியில் இறங்கும்போதே அதற்குத் தனி மதிப்பு. எனக்கு மார்த்தாண்டம் பக்கம். அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவள். அவள் கையைக் கறுப்பாக்கிய கொட்டை எந்த மண்ணில் காய்த்தது என்பதை எனக்கு 34 வயதானபோதுதான் பார்த்தேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆப்பிரிக்காவில் மட்டும் மூன்று கினி. கொனாக்ரியைத் தலைநகராகக் கொண்டது வெறும் கினி. பூமத்தியரேகைக் கினி இன்னொன்று. மூன்றாவது இது, தலைநகர் பிசாவு என்பதால் அந்தப் பெயரையும் ஒட்டவைத்துக்கொண்டது. ஊரிலிருந்து எனக்கு அனுப்பிய ஈரப்பத மீட்டர் ஒன்று கொனாக்ரிக்குப் போய்ச் சேர்ந்தது, திரும்பி வரவே இல்லை. தம்பியிடம் சொல்லுங்கள், முகவரியில் பிசாவு என்பதைப் பெரிதாக எழுதச் சொல்லி.

வடக்கே செனகல், கிழக்கிலும் தெற்கிலும் அந்தக் கொனாக்ரிக் கினி, மேற்கே அட்லாண்டிக். மொத்தப் பரப்பு 36,125 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆனால் அதில் 28,000 போலத்தான் நிலம். மீதி தண்ணீர். எது நிலம், எது தண்ணீர் என்பதையும் அங்கே மணி பார்த்துத்தான் சொல்ல முடியும். தூத்துக்குடியில் கடலின் ஏற்றமும் வத்தமும் ஒரு மீட்டரைத் தாண்டாது. பிசாவில் வாவு நாளில், அதாவது அமாவாசை பௌர்ணமியில், ஐந்து மீட்டர்வரை ஏறி இறங்கும். காலையில் படகு நின்ற இடத்தில் மத்தியானம் சேறும் நண்டும்தான் இருக்கும். தரை அவ்வளவு தட்டை. ஜேபா, கஷேவு, மன்சோவா என்ற ஆறுகளில் கடல்நீர் பல மைல் உள்ளே ஏறிப் போகும். கரையெல்லாம் அலையாத்திக் காடு. நாட்டின் மிக உயரமான இடம் தென்கிழக்கில் போயே பக்கம், அதுவும் 300 மீட்டர் போலத்தான்.

இந்தச் சேற்றுநீர் அந்த நாட்டைத் துண்டுதுண்டாக வெட்டி வைத்திருக்கிறது. செனகலின் சிகின்ஷோரிலிருந்து பிசாவுக்கு வரும் சாலையில் மன்சோவா ஆற்றுக்கு 2004லும் கஷேவு ஆற்றுக்கு 2009லும்தான் பாலம் வந்தது. அதற்கு முன் வண்டியை ஏற்றிக் கடத்தும் ஜங்காருக்குக் காத்துக் கிடப்பார்களாம், அதுவும் ஓதம் பார்த்து. மழை ஜூனில் பிடித்தால் நவம்பர்வரை விடாது. உள்ளூர்ச் செம்மண் பாதைகள் அப்போது ஓடையாகிவிடும். கொட்டைச் சீசன் மார்ச்சில் தொடங்கும், மழை விழுவதற்குள் சரக்கு காய்ந்து பிசாவு கிடங்குக்கு வந்துவிட வேண்டும். நனைந்தால் அவுட்டர்ன் விழும். ஒரு நாட்டின் மொத்தச் சம்பாத்தியமும் அந்த மூன்று நான்கு மாத ஓட்டத்தில் அடங்குகிறது.

மொத்தம் என்றது மிகையல்ல. ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குபோல் உடைக்காத முந்திரிக் கொட்டை. அதை வாங்குவது பெரும்பாலும் இந்தியாவும் வியட்நாமும். உள்நாட்டில் உடைப்பது சொற்பம். கொல்லாமரத்தை, அதாவது முந்திரி மரத்தை, பிரேசிலிலிருந்து நம் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோனவர்கள் போர்த்துகீசியர்கள். மலையாளத்தில் பறங்கியண்டி என்று ஒரு பழைய பெயரே உண்டு. அங்கே அதற்குப் பெயர் கஜு. கொல்லாம்பழத்தின் அந்தப் புளித்த வாசனை ஏப்ரல் மாதம் முழுக்க நாட்டையே மூடிக் கிடக்கும். பெண்கள் பழத்தைப் பிழிந்து ஊறவைத்து வின்யு டி கஜு என்று விற்பார்கள். கோவாவில் ஃபெனி குடித்தவர்களுக்குத் தூரத்துச் சொந்தம்.

ஒரு குடும்பத்திடம் நாலைந்து ஏக்கர் கொல்லாத் தோப்பு இருக்கும். கொட்டை பொறுக்குவது பெண்களும் பிள்ளைகளும். வியாபாரி வண்டியில் அரிசியோடு வருவான். பெரும்பாலான கிராமங்களில் பணம் கைமாறாது, ஒரு கிலோ கொட்டைக்கு இவ்வளவு அரிசி என்று பேச்சு. விலை நல்ல வருடம் ஒன்றுக்கு ஒன்றைவிட அதிகம் கிடைக்கும், கெட்ட வருடம் இரண்டு கிலோ கொட்டை கொடுத்து ஒரு கிலோ அரிசி வாங்குவார்கள். அந்த அரிசி எங்கிருந்து வருகிறது? ஆசியாவிலிருந்து, பெரும்பாலும் நொய்யரிசி. 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது மேற்கு ஆப்பிரிக்காவே ஆடிப்போனது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இவர்கள் நெல் விளைவிக்கத் தெரியாதவர்கள் இல்லை. பலாந்தா என்ற இனத்தார் அலையாத்திக் காட்டையே திருத்தி வயலாக்கினவர்கள். கடல்நீர் ஏறும் ஓடைக்குக் குறுக்கே களிமண்ணால் வரப்பு கட்டுவார்கள். வரப்புக்குள் குடைந்த மரத்தண்டு ஒன்றைக் குழாயாகப் பதித்து, வத்தத்தின்போது திறந்து உப்புநீரை வடிப்பார்கள், ஏற்றம் வந்தால் அடைப்பார்கள். சில வருட மழை உப்பைக் கழுவியபின் நெல். போலாஞ்ஞா என்பது அந்த வயலின் பெயர். நம் பக்கத்துப் பொக்காளி வயல் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு ஆள் உயரத்துக்கு மேல் நீளமான மரமண்வெட்டியை வைத்துக்கொண்டு வரிசையாக நின்று சேற்றைப் புரட்டுவதைப் பார்த்தால், இந்த நாட்டுக்கு அரிசி இறக்குமதி எதற்கு என்று கேட்கத் தோன்றும். போர்த்துகலுக்கு எதிரான விடுதலைப் போரில் வரப்புகள் உடைந்தன. வரப்பு கட்டுவதற்கு இளைஞர்கள் வேண்டும், அவர்கள் பிசாவுக்கோ லிஸ்பனுக்கோ போய்விட்டார்கள். கொல்லாமரத்துக்கு ஒன்றும் வேண்டாம், நட்டால் போதும். ஒரு காலத்தில் மிஞ்சிய அரிசியை வெளியே விற்ற நாடு இப்படித்தான் கொட்டை கொடுத்து நொய் வாங்கும் நாடானது. பணப்பயிர் வந்தால் நாடு உயரும் என்று பேசுகிறவர்களை நான் அதிகம் நம்புவதில்லை.

இனி ஆட்சி. தம்பி பயப்படுவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

இந்த நாட்டின் விடுதலைத் தலைவர் அமில்கார் கப்ரால் ஒரு வேளாண் பொறியாளர். 1953ல் போர்த்துகீச அரசுக்காக நாடு முழுக்க விவசாயக் கணக்கெடுப்பு நடத்தினார். எந்த ஊரில் எந்த இனம் என்ன பயிரிடுகிறது என்று ஒவ்வொரு கிராமமாக அலைந்து தெரிந்துகொண்டவர், பத்து வருடம் கழித்து அதே கிராமங்களில் கெரில்லாப் போர் நடத்தினார். 1959ல் பிசாவு துறைமுகத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பிஜிகிட்டி என்ற அந்த இடத்தில் இன்றும் ஒரு கறுப்பு முஷ்டிச் சிலை நிற்கிறது. நம் கன்டெய்னர்கள் ஏறுவதும் அதற்குப் பக்கத்தில்தான். 1973 ஜனவரியில் கப்ராலைக் கொனாக்ரியில் கொன்றார்கள். அந்தச் செப்டம்பரிலேயே அவருடைய கட்சி விடுதலையை அறிவித்தது, அடுத்த வருடம் போர்த்துகல் ஒப்புக்கொண்டது. இந்தப் போரில் சலித்துப்போன அதிகாரிகள்தான் 1974 ஏப்ரலில் லிஸ்பனில் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்ததில் முன்னால் நின்றார்கள்.

அதற்குப் பிறகு வருவது துயரமான பட்டியல், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் ஜனாதிபதி, கப்ராலின் தம்பி லூயிஸ், 1980ல் கவிழ்க்கப்பட்டார். கவிழ்த்த நினோ வியேரா 1999ல் உள்நாட்டுப் போரில் விரட்டப்பட்டார். 2003ல் இன்னொரு புரட்சி. வியேரா தேர்தலில் வென்று திரும்பி வந்து, 2009 மார்ச்சில் ராணுவத் தளபதி வெடிகுண்டில் செத்த சில மணி நேரத்தில் தானும் கொல்லப்பட்டார். 2012 ஏப்ரலில் தேர்தலின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே ராணுவம் வந்தது. 2014ல் ஜெயித்த ஜோசே மாரியோ வாஸ்தான் தன் பதவிக்காலத்தை முடித்து இறங்கிய முதல் ஜனாதிபதி. 2025 நவம்பரில், ஓட்டுப் போட்டு முடிந்து முடிவு வருவதற்கு முன்பே மறுபடி ராணுவம்.

அந்த 2025 புரட்சிவரை சட்டத்தில் ஜனாதிபதியும் உண்டு, பிரதமரும் உண்டு, 102 இடமுள்ள மக்கள் பேரவையும் உண்டு என்று இருந்தது. ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், பிரதமர் பேரவையின் பெரும்பான்மையிலிருந்து வந்தார். இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் முட்டிக்கொள்வார்கள். வாஸ் 2015ல் தன் கட்சிப் பிரதமரையே நீக்கினார். 2017ல் நான் போய் இறங்கியபோது பேரவை கூடி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாந்தீம் சந்தை மட்டும் நாள் தவறாமல் கூடியது. தோகா-தோகா என்ற நீல மஞ்சள் மினி பஸ்கள் ஓடின. கொட்டை வந்தது.

என் அனுபவத்தில் கிராமத்துக்காரனுக்கு அரசு தெரிவது ஒரே ஒரு நாளில்தான், சீசன் தொடக்கத்தில் குறைந்தபட்ச விலை அறிவிக்கும் நாள். 2018ல் அரசு கிலோவுக்கு 1000 பிராங்க் என்று அறிவித்தது, அன்றைய கணக்கில் நம் 120 ரூபாய் போல. விவசாயி ஆடிப் பாடினான். ஆனால் உலகச் சந்தை அப்போதே இறங்கத் தொடங்கியிருந்தது. கொல்லத்திலும் நாகர்கோவிலிலும் முதலாளிகள் போனை எடுக்கவே இல்லை. எங்கள் கிடங்கு காலி. ஒரு கிராமத்தில் ஒரு பெரியவர் தன் மூட்டைகளைக் காட்டி, "நீங்கள் வாங்கவில்லை என்றால் இரவில் செனகல் வாங்கும்" என்றார். அப்படியும் நிறையப் போனது. மழை நெருங்க நெருங்க அறிவித்த விலைக்குக் கீழேதான் கைமாறியது. ஜித்து கா தேன் என்பார்கள் அவர்கள் கிரியோல் மொழியில். வேறு வழியில்லை என்று அர்த்தம். மூன்று சீசனில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான்.

பணம் என்ன பணம் என்று கேட்பீர்கள். 1997ல் தங்கள் பேசோவை விட்டுவிட்டு மேற்கு ஆப்பிரிக்காவின் சிஎஃப்ஏ பிராங்குக்கு மாறினார்கள். யூரோவுக்கு 655.957 என்று கட்டிப்போட்ட நாணயம், அதன் மத்திய வங்கி டாக்கரில். அரசு கவிழ்ந்தாலும் நோட்டு மதிப்பு கவிழாமல் இருப்பது அதனால்தான். பதிலுக்கு, கொட்டை விலை விழும் வருடம் நாணய மதிப்பைக் குறைத்துச் சமாளிக்கும் வழியும் அவர்கள் கையில் இல்லை.

மற்ற வருமானம் என்று பார்த்தால் மீன். வெளிநாட்டு ட்ராலர்களுக்கு உரிமம் விற்கிறார்கள். ஃபரீமில் பாஸ்பேட்டும் போயேயில் பாக்சைட்டும் மண்ணுக்குள் கிடக்கின்றன. போதைப்பொருள் உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. தென் அமெரிக்கக் கொக்கெய்ன் ஐரோப்பா போகும் வழி அது, ஆள் இல்லாத தீவுகள் நிறைய. 2024 செப்டம்பரில் வெனிசுவேலாவிலிருந்து வந்த ஒரு விமானத்தில் இரண்டரை டன்னுக்கு மேல் பிடித்தார்கள். ஆனால் அது அந்த ஊரில் இறங்கி ஏறுகிற சரக்கு. தெருவில் நடக்கிற உங்கள் தம்பி கண்ணில் படாது. தலைநகரில் கரண்ட் போவதுதான் கண்ணில் படும். 2023 அக்டோபரில் பாக்கி கட்டவில்லை என்று ஊருக்கு மின்சாரம் தந்த துருக்கி மின்கப்பல் சுவிட்சை அணைத்துவிட, பிசாவு முழுக்க இருட்டு.

2018ல் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த அந்த வாரத்தில்தான் பிஜாகோஸ் தீவுகளுக்குப் படகேறினேன். 88 தீவு, ஆள் குடியிருப்பது இருபதுபோல். 2025ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஒராங்கோ தீவில் கடல்நீரில் இறங்கும் நீர்யானைகள் உண்டு என்றார்கள், நான் போனது பூபாகே மட்டும், மீன் சாப்பிட்டுத் திரும்பினேன். அந்தக் கூட்டத்தில் போலாமா என்ற பழைய தலைநகரும் இருக்கிறது. அது யாருக்கு என்று பிரிட்டனும் போர்த்துகலும் சண்டை போட்டபோது 1870ல் பஞ்சாயத்து சொன்னவர் அமெரிக்க ஜனாதிபதி கிராண்ட். தீர்ப்பு போர்த்துகலுக்கு.

சரி, தம்பி போகலாமா? போகலாம். ஜனங்கள் நல்லவர்கள். "கூமா டி கூர்பு" என்று கேட்டு, அதாவது உடம்பு எப்படி என்று விசாரித்து, பதிலைக் கேட்டபிறகுதான் எடைக்கல்லைத் தொட வேண்டும். நேராக விலை பேசினால் மரியாதையில்லாதவன் என்று நினைப்பார்கள். பேச்சுக்குக் கிரியோல், எழுத்துக்குப் போர்த்துகீசு, இங்கிலீஷ் உதவாது. சீசன் முடிந்தபின் சம்பளம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம், மாதாமாதம் ஊர்க் கணக்கில் போடச் சொல்லுங்கள். 2018 மாதிரி ஒரு வருடம் வந்தால் முதலில் நிற்பது ஆய்வாளன் சம்பளம்தான், எனக்கு நின்றது. மலேரியா மாத்திரை, கொசுவலை. மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டு, அந்த மஞ்சள் அட்டையை பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளட்டும், பிசாவு விமான நிலையத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.