பார்க்கில் ஸ்டார்ட் ஆகாத பழைய கார்: நியூட்ரல் சேஃப்டி சுவிட்சை மாற்றுவது எப்படி?

கேள்வி: என்னிடம் 1971-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் இருக்கிறது. 302 வி8 இன்ஜின், சி4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். சில நாட்களாகப் பார்க் நிலையில் சாவியைத் திருப்பினால் எந்தச் சத்தமும் வருவதில்லை. லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து சற்று அசைத்துப் பிடித்தால் ஸ்டார்ட் ஆகிறது. ரிவர்ஸ் விளக்கும் சில நேரம் எரிகிறது, சில நேரம் எரிவதில்லை. பார்க், நியூட்ரல் தவிர வேறு நிலைகளில் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச் பழுது என்று சொன்ன மெக்கானிக், இப்போதைக்கு அதன் இரண்டு ஒயர்களையும் ஒன்றாக முறுக்கி விட்டிருக்கிறார். புதிய சுவிட்சை நானே மாட்ட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அதற்கு முன்பாக, முறுக்கி இணைத்த அந்த ஒயர்களை இன்றே பிரித்துவிடுங்கள். அந்த இணைப்பு இருக்கும்வரை லீவர் டிரைவில் இருந்தாலும் ரிவர்ஸில் இருந்தாலும் சாவியைத் திருப்பியவுடன் இன்ஜின் ஓடத் தொடங்கி, கார் நகர்ந்துவிடும். காருக்கு முன்னாலோ பின்னாலோ யாராவது நின்றுகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. சோதனைக்காகச் சில நிமிடங்கள் அப்படி இணைத்துப் பார்ப்பது வேறு; அப்படியே ஓட்டுவது வேறு.

அடுத்து, நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் சுவிட்ச் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்ட எனக்கு மனம் வரவில்லை. லீவரை அசைத்தால் ஸ்டார்ட் ஆகிறது என்பதும், அதே சுவிட்சுக்குள் இருக்கும் ரிவர்ஸ் விளக்கின் தொடர்பும் விட்டுவிட்டு வேலை செய்கிறது என்பதும், சுவிட்ச் தன் சரியான இடத்திலிருந்து விலகியிருக்கலாம் அல்லது லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலுள்ள லிங்கேஜ் தளர்ந்திருக்கலாம் என்பதையும் காட்டுகின்றன. உள்ளே தேய்ந்த சுவிட்சும் இதே அறிகுறிகளைத் தரும் என்பதால், சோதித்துப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

உங்கள் காரில் சாவியிலிருந்து ஸ்டார்ட்டருக்கான சமிக்ஞை சிவப்பில் நீலக் கோடு போட்ட ஒயர் வழியாக முதலில் கியர்பாக்ஸின் இடப்பக்கத்தில் உள்ள இந்தச் சுவிட்சுக்கு வந்து, லீவர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால் மட்டும் அதைக் கடந்து, ஃபெண்டரின் உட்புறத்தில் பொருத்தப்பட்டு, ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் ஸ்டார்ட்டர் ரிலேயின் 'எஸ்' முனைக்குப் போகிறது. சோதனையை ரிலேயிலிருந்து தொடங்குவது எளிது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இன்ஜின் ஓடிவிடாதபடி இக்னிஷன் காயிலின் நடு ஒயரைக் கழற்றி பாடியில் எர்த் செய்துவிட்டு, லீவரைப் பார்க்கில் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி, 'எஸ்' முனையில் டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பாருங்கள். விளக்கு நன்றாக எரிந்தும் ரிலே இழுக்கவில்லை என்றால் சுவிட்சின் மேல் குற்றமில்லை. இந்த வகை ரிலே தன் உடல் வழியாகவே எர்த் பெறுவதால், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் அடியில் துரு ஏறினாலே அது இயங்காமல் போகும். பலர் சுவிட்சை மாற்றிய பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். விளக்கு எரியவில்லை என்றால் காருக்கு அடியில் சென்று சுவிட்சின் கனெக்டரைப் பாருங்கள். சாவியிலிருந்து வரும் ஒயரில் மின்சாரம் இருந்து, ரிலேவுக்குப் போகும் ஒயரில் இல்லை என்றால், தடை சுவிட்சில்தான் இருக்கிறது. அது விலகியதால் வந்த தடையா, தேய்ந்ததால் வந்த தடையா என்பது அதன் பிறகான கேள்வி.

காருக்கு அடியில் போகும்போது சமதரையில் ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் காரை நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே போகக் கூடாது.

சுவிட்சைத் தொடுவதற்கு முன் லிங்கேஜைப் பாருங்கள். இந்த இடத்தில்தான் பொறுமை தேவை. சுவிட்ச் கியர்பாக்ஸில் பொருத்தப்பட்டிருப்பதால், காருக்குள் இருக்கும் லீவர் எந்த நிலையைக் காட்டுகிறது என்பது அதற்குத் தெரியாது. கியர்பாக்ஸின் ஷாஃப்ட் எங்கே நிற்கிறது என்பது மட்டுமே தெரியும். லிங்கேஜின் மூட்டுகளில் இருக்கும் புஷ்கள் என்ற சிறு வளையங்கள் தேய்ந்திருந்தால், நீங்கள் லீவரைப் பார்க்கில் வைத்த பிறகும் ஷாஃப்ட் முழுதாகப் பார்க்குக்குப் போகாமல் சற்று முன்பே நின்றுவிடும். அப்போது ஸ்டார்ட் ஆகாமல் போவது சிறிய தொல்லைதான்; கியர்பாக்ஸுக்குள் சக்கரத்தைப் பூட்டும் பார்க்கிங் பால் (pawl) என்ற கொக்கி முழுதாக விழாமல், சரிவில் நிறுத்திய கார் தானாக உருண்டுவிடக்கூடும் என்பதே பெரிய ஆபத்து. ஒருவர் உள்ளே லீவரை நிலைக்கு நிலை மாற்ற, நீங்கள் வெளியிலிருந்து கியர்பாக்ஸின் லீவர் ஒவ்வொரு நிலையிலும் தன் குழியில் 'கிளிக்' என்று உட்காருகிறதா என்று கவனியுங்கள். உட்காரவில்லை என்றால் புஷ்களை மாற்றி லிங்கேஜைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகு பழைய சுவிட்சையே கீழே சொல்லும் முறையில் ஒருமுறை அமைத்துப் பார்ப்பது நல்லது.

அதன் பிறகும் கோளாறு தொடர்ந்தால் புதிய சுவிட்சை மாட்டலாம். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது கியரைக் குறைக்கச் செய்யும் கிக்-டவுன் ராடைக் கியர்பாக்ஸ் பக்கத்து லீவரிலிருந்து விடுவியுங்கள். அந்த லீவரைப் பிடித்திருக்கும் நட்டுதான் இந்த வேலையில் அதிகம் தொல்லை தருவது. பல ஆண்டுகளாகச் சாலையின் ஈரமும் அழுக்கும் பட்டு இறுகியிருக்கும். துரு தளர்த்தும் எண்ணெயை முதல் நாள் இரவே தெளித்து ஊறவிட்டு, மறுநாள் லீவரை அசையாமல் ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். லீவரைப் பிடிக்காமல் திருப்பினால் அந்த விசை முழுவதும் உள்ளே இருக்கும் மெல்லிய ஷாஃப்ட்டுக்குப் போகும். அது முறுக்கிக்கொண்டாலோ முறிந்தாலோ ஆயில் பானைக் கழற்ற வேண்டிய பெரிய வேலையாகிவிடும். கிக்-டவுன் லீவர் வந்த பிறகு, சுவிட்சின் இரண்டு போல்ட்டுகளையும் கனெக்டரையும் கழற்றினால் சுவிட்ச் வெளியே வந்துவிடும். பழைய சுவிட்சுக்குள் எண்ணெய் நிரம்பியிருந்தால் ஷாஃப்ட்டின் சீல் கசிகிறது என்று பொருள். அந்தச் சீலை மாற்றாமல் புதிய சுவிட்சை மாட்டினால் அதுவும் விரைவில் பழுதாகும்.

புதியதைப் பொருத்தி, இரண்டு போல்ட்டுகளையும் கையால் மட்டும் முடுக்கி விடுங்கள். கியர்பாக்ஸின் லீவரைப் பார்க்கிலிருந்து இரண்டு 'கிளிக்' நகர்த்தினால் நியூட்ரல்; அதை அங்கேயே வையுங்கள். சுவிட்சின் உடலில் ஒரு சிறிய துளை இருக்கும். எண் 43 டிரில் பிட்டின், அதாவது ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட பிட்டின், மழுங்கிய முனையை அதில் நுழைத்து, சுவிட்சை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்புங்கள். உள்ளே இருக்கும் துளைகள் நேருக்கு நேர் வந்ததும் பிட் 12 மில்லிமீட்டர் அளவுக்குத் தானாக இறங்கும். இறங்காத பிட்டைத் தட்டி இறக்க வேண்டாம். பிட் உள்ளே இருக்கும்போதே போல்ட்டுகளை 6 முதல் 8 நியூட்டன்-மீட்டர் வரை மட்டும் முடுக்கி, பிறகு பிட்டை உருவி எடுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் சுவிட்சின் உடல் விரிசல் விடும்.

இந்த அளவுகள் ஃபோர்டு சி4-க்கு உரியவை. ஜெனரல் மோட்டார்ஸின் பல பழைய கார்களில் சுவிட்ச் ஸ்டியரிங் தண்டில் (column) இருக்கும். அவற்றுக்கான புதிய சுவிட்ச் நியூட்ரல் நிலையில் ஒரு பிளாஸ்டிக் முள்ளால் நிறுத்தப்பட்டு வரும், லீவரை முதல்முறை நகர்த்தும்போது அந்த முள் முறிந்துவிடும். கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட் ஆட்டோமேட்டிக்கில் சுவிட்ச் கியர்பாக்ஸின் உடலிலேயே திருகப்பட்டிருக்கும். கழற்றினால் எண்ணெய் கொட்டும், அந்தச் சுவிட்ச் ரிலேவுக்கு எர்த் கொடுப்பதால் டெஸ்ட் லேம்ப் சோதனையும் வேறுபடும்.

கிக்-டவுன் லீவரையும் ராடையும் மாட்டி, சுவிட்சின் ஒயரைச் சைலன்சர் குழாயில் படாதவாறு கிளிப்பில் கட்டி, பேட்டரியை இணைத்த பிறகு, காயில் ஒயர் எர்த்திலேயே இருக்கும்போது, பிரேக்கை அழுத்தியபடி ஒவ்வொரு நிலையிலும் சாவியைத் திருப்புங்கள். பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டுமே ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும். அவ்விரண்டு நிலைகளிலும் லீவரைச் சற்று முன்னும் பின்னும் அழுத்திப் பிடித்தும் பாருங்கள். அப்போதும் தடையின்றிச் சுற்ற வேண்டும். ரிவர்ஸில் ரிவர்ஸ் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட்டர் சுற்றக் கூடாது. நியூட்ரலில் சரியாக இருந்து பார்க்கில் மட்டும் சுற்ற மறுத்தால், சுவிட்சைத் திருப்பிச் சமாளிக்காமல் மீண்டும் லிங்கேஜுக்கே போங்கள்.