வெட்டுமெசின் வரும் நாளில் லீவு: வேலையாட்களைப் பாராட்டுவது பற்றிக் கேள்வி பதில்

கையில் காசு மட்டு. ஆனால் நல்ல வேலையாட்களை விட்டுவிடவும் மனமில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் கடையோ ஆலையோ நடத்துகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். ஒரு ஆடைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் ஆட்களைப் பார்க்கும் பொறுப்பில் இருந்தேன். இப்போது சிறு வியாபாரங்களுக்குச் சம்பளப் பட்டியல் எழுதிக் கொடுக்கிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் இவை.

அரிசி ஆலை, பரந்தன்: அண்ணை, என்னிடம் ஒன்பது பேர். இந்த வருடம் போனஸ் கொடுக்க வழியில்லை. கரண்ட் பில் தெரியும்தானே. செலவில்லாமல் அவர்களைச் சந்தோசப்படுத்த என்ன செய்யலாம்?

முதலில் நான் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். சம்பளம் சொன்ன திகதியில் போகிறதா? ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 12 வீதமும் அவர்களிடம் பிடிக்கும் 8 வீதமும், நம்பிக்கை நிதிக்கு உங்கள் 3 வீதமும் மாதம் தவறாமல் கட்டப்படுகின்றனவா? இதில் ஓட்டை இருந்தால் எல்லாருக்கும் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தாலும் 'எங்கட காசிலதானே வாங்கித் தாறார்' என்றுதான் மூடை அடுக்கும் இடத்தில் பேச்சு வரும். 1950களில் ஹெர்ஸ்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளர், பிட்ஸ்பர்க் பக்கத்துப் பொறியியலாளர்களிடமும் கணக்காளர்களிடமும் வேலையில் எது மகிழ்ச்சி தந்தது, எது வெறுப்பைத் தந்தது என்று விசாரித்தார். அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: சம்பளத்திலும் நிர்வாகத்திலும் குறை இருந்தால் வெறுப்பு வரும், அந்தக் குறை தீர்ந்தால் வெறுப்புப் போகும், அவ்வளவுதான். உற்சாகம் வருவதற்குச் செய்த வேலையை ஒருவர் மதிக்க வேண்டும், பொறுப்புக் கிடைக்க வேண்டும். அதாவது ஒன்றைக் கொண்டு மற்றதை ஈடுகட்ட முடியாது.

அது சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் ஒன்பது பேரில் எத்தனை பேருக்குச் சொந்த வயலோ குத்தகை வயலோ இருக்கிறது? இரணைமடுக் குளத்துக்குக் கீழே பெரும்போக அறுவடையில், நெல்லை வெட்டி அடிக்கிற வெட்டுமெசின் நம்முடைய வசதிக்கு வராது. பக்கத்து வயலை முடித்தவுடன் இரவானாலும் உங்கள் வரம்பில் வந்து நிற்கும். அன்றைக்கு வயல்காரன் அங்கே நிற்காவிட்டால் மெசின் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். பிறகு மழை வந்தால் கதை முடிந்தது. அந்த ஒரு நாளைச் சம்பளத்தோடு விட்டுக் கொடுங்கள். 'மெசின் வந்தால் ஒரு போன் போட்டுவிட்டுப் போ, என்னைக் கேட்டு நிற்க வேண்டாம்' என்று தை மாதமே சொல்லி வையுங்கள்.

ஆலைக்கும் அதுதான் வேலை நெருக்குகிற காலம் என்பது எனக்குத் தெரியும். நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் வாசலில் வரிசையாக நிற்கும். அதனால்தான் அந்த லீவுக்கு மதிப்பு. சும்மா இருக்கிற புரட்டாதியில் கொடுக்கிற லீவை யார் பெரிதாக எடுக்கப் போகிறார்கள்? ஒருவர் போனால் அவருடைய வேலையை யார் பார்ப்பது என்று அவர்களையே கூடிப் பேசி எழுதித் தரச் சொல்லுங்கள். நான் கணக்குப் பார்க்கிற ஒரு ஆலையில் அந்தத் தாளைத் தராசுக்கு மேலே ஆணியில் குத்தி வைத்திருக்கிறார்கள். நெல் தூசி படிந்து எழுத்தே மங்கிப் போயிற்று, ஆனால் இரண்டு போகமாக அதில் சண்டை வரவில்லை.

ஹாட்வெயார், புதுக்குடியிருப்பு: பாராட்டினால் தலையில் ஏறிவிடுவார்கள் அண்ணை. அடுத்த நாளே சம்பளம் கூட்டு என்று வந்து நிற்பார்கள். எனக்கு அனுபவம்.

எப்படிப் பாராட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது தம்பி. 'நீ இல்லாட்டி இந்தக் கடையே இல்லை' என்று சொல்லியிருந்தால் அவன் சம்பளம் கேட்டது நியாயம். நீங்களே விலையைச் சொல்லிவிட்டீர்களே!

கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். ஆடைத் தொழிற்சாலையில் சேருமுன் நான் ஒரு நெல் களஞ்சியத்தில் கொஞ்சக் காலம் நின்றேன். அங்கே சாக்கு வாய் தைக்கிற ஐயா ஒருவர் இருந்தார். மற்றவர்கள் ஏழெட்டுத் தையலில் முடித்து வீசுவார்கள். இவர் இரண்டு மூலையிலும் காது மாதிரி முறுக்கி, நெருக்கித் தைப்பார். காது இருந்தால் தூக்குகிறவனுக்குப் பிடி கிடைக்கும், மூடையும் அவிழாது. ஒரு நாள் லொறிச் சாரதி ஒருவர் வந்து, 'ஐயா, உங்கட மூடை ஒன்றும் வழியில சிந்தேல்லை' என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பின்னேரம் வரைக்கும் ஐயா அதையே வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி அதே ஐயாவுக்கு வருடக்கணக்காக 'நல்ல வேலை, நல்ல வேலை' என்று சொன்னவர்தான். அது ஐயாவின் காதில் ஏறவே இல்லை.

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் பணியாளர்களிடம் செய்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பிரிவினரிடம் மட்டும் மேலதிகாரி நேரே வந்து, உங்கள் உழைப்புக்கு நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அந்தப் பிரிவு எடுத்த அழைப்புகள் சுமார் 50 வீதம் கூடின. நன்றி கேட்காத பிரிவில் மாற்றமில்லை. செலவு ஒரு நிமிடம்.

சம்பளம் கேட்டால்? முடியுமா முடியாதா, முடியுமென்றால் எந்த மாதம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பது நல்ல வியாபாரம் இல்லை.

பாமசி, வவுனியா: 'இம்மாதச் சிறந்த ஊழியர்' என்று படம் போட்டு மாட்டலாமா? நேரத்துக்கு வருகிறவருக்குப் பரிசும் கொடுக்க யோசனை.

நான் இருந்த தொழிற்சாலையில் அந்தப் படம் மாட்டும் வேலை என்னுடையது. ஒரு முறை மல்லாவிப் பக்கத்துப் பிள்ளை ஒன்றின் படம் வந்தது. கெட்டிக்காரி. மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்து, 'அண்ணா, அதைக் கழற்றிவிடுவீங்களா?' என்றாள். கூட வேலை செய்கிறவர்கள் 'மேடம் வாறா' என்று பகிடி பண்ணியிருக்கிறார்கள். யாரோ படத்தைப் போனில் எடுத்து முகநூலிலும் போட்டுவிட்டான். வீட்டில் ஏச்சு. கழற்றினேன். சுவரில் சதுரமாக வெள்ளை அடையாளம் மிஞ்சியது. அடுத்த மாதம் அதில் படம் மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஐந்தாறு பேர் உள்ள இடத்தில் ஒருவரைச் சிறந்தவர் என்றால் மற்றவர்களுக்கு என்ன சொன்னதாக ஆகும்? ஆறு மாதத்தில் சுற்று முடிந்து, 'இந்த மாதம் யாருடைய முறை' என்று ஆகிவிடும்.

நேரத்துக்கு வருகிறவருக்குப் பரிசு என்பதில் இன்னும் கவனம். அமெரிக்காவில் ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில், மாதம் முழுவதும் பிந்தாமல் வருகிறவர்களின் பெயர்களைக் குலுக்கிப் பரிசு கொடுத்தார்கள். ஒரு முறை பிந்தி, அந்த மாதப் பரிசு இனிக் கிடைக்காது என்று ஆனவுடன் ஆட்கள் பழையபடி பிந்தினார்கள். பரிசில்லாமலே ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களின் உற்சாகமும் இறங்கிவிட்டது. சும்மா செய்த நல்ல காரியத்துக்கு விலை போட்டால் இப்படித்தான் ஆகும்.

மீன் வியாபாரம், முல்லைத்தீவு: ஆயிரம் ரூபா செலவழிக்கலாம் என்றால் காசாகக் கொடுப்பதா, சாமானாகக் கொடுப்பதா? பொடியங்கள் காசுதான் வேணும் என்பான்கள்.

கேட்டால் காசு என்றுதான் எவரும் சொல்வார். ஆனால் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் தற்காலிக வேலைக்கு வந்தவர்களை வைத்துச் செய்து 2012இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். ஒரு பிரிவுக்குப் பேசிய கூலிக்கு மேல் 7 யூரோ கொடுத்தார்கள். வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொரு பிரிவுக்கு அதே விலைச் சுடுதண்ணிப் போத்தலைச் சுற்றிக் கொடுத்தார்கள். வேலை ஏறத்தாழ 25 வீதம் கூடியது. எனக்குப் பிடித்தது மூன்றாவது பிரிவு. அதே 7 யூரோக் காசுதான், ஆனால் தாளை மடித்து ஒரு உருவமாகச் செய்து கொடுத்தார்கள். அதுவும் போத்தல் அளவுக்கு வேலை செய்தது. ஒருவர் நமக்காக மினக்கெட்டிருக்கிறார் என்பதைத்தான் ஆட்கள் கணக்கில் எடுக்கிறார்கள்.

இது நமக்குப் புதிதா? சித்திரை வருடப்பிறப்பன்று கைவிசேஷம் கொடுக்கிறோமே. வெற்றிலையில் வைத்து, நல்ல நேரம் பார்த்து, கிழக்கே பார்த்து நின்று கொடுக்கிற நூறு ரூபாவைச் செலவழிக்காமல் மாதக்கணக்கில் பேர்சுக்குள் வைத்திருக்கிறவர்கள் உண்டு. அந்த நூறு ரூபாவைச் சம்பளக் கவரில் சேர்த்துப் போட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. உங்கள் மீன்வாடியில் கைவிசேஷம் கொடுப்பதில்லை என்றால் அங்கிருந்து தொடங்குங்கள். வாடி கூட்டுகிற அம்மாவையும் மறக்காதீர்கள். அவரை விட்டுவிட்டுக் கொடுத்தால் கொடுக்காமல் இருந்ததை விட மோசம்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் திங்கட்கிழமை எப்படியும் ஆட்கள் போகத்தான் போகிறார்கள். அவர்கள் பொய் சொல்லி லீவு கேட்கும் முன்பு நீங்களாகவே மத்தியானத்தோடு விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்கடை, மாங்குளம்: பரிமாற வருகிற பிள்ளைகள் ஆறு மாதம் தாண்டி நிற்பதில்லை. மூன்று நேரமும் சாப்பாடு கொடுக்கிறேன், வேறு என்ன செய்ய?

அக்கா, அவர்கள் எத்தனை மணிக்கு, எங்கே இருந்து சாப்பிடுகிறார்கள்? ஏ9 வீதியில் ஓடுகிற பஸ்காரர்களெல்லாம் சாப்பிட்டு முடிந்தபின் மூன்றரை மணிக்கு அடுப்படியில் நின்றபடி, மிஞ்சிய கறியோடு என்றால் அதைப் பாராட்டு என்று சொல்ல வராது. ஒரு மேசையை ஒதுக்கி, ஆள் மாறி ஆள், மீன்பொரியல் தீருமுன் இருந்து சாப்பிட விடுங்கள். கடைசி பஸ்ஸுக்கு ஓடாமல் பதினைந்து நிமிடம் முன்னதாக விடுங்கள். வாடிக்கையாளர் ஒருவர் பிள்ளையிடம் தாறுமாறாகப் பேசினால் நீங்கள் எழுந்து வந்து பிள்ளையின் பக்கம் நில்லுங்கள். ஒரு சாப்பாட்டுக் காசு போகும், போகட்டும்.

விற்பனை வேலை செய்பவர், கிளிநொச்சி: நான் முதலாளி இல்லை. எங்கள் முதலாளி வருடத்தில் ஒருக்கால் கேக் வெட்டுவார். மே மாதம் அண்ணாவுக்கு விளக்கேற்றப் போக அரை நாள் கேட்டால் முகம் சுளிப்பார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி வருடாந்த லீவு 14 நாளும் திடீர்த் தேவைக்கு எடுக்கிற அமைய லீவு 7 நாளும் உங்களுக்கு உரியவை. அதைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம்.

முதலாளிமாருக்குத்தான் இதில் சொல்ல இருக்கிறது. போர் முடிந்த 2009 வைகாசியில் ஆளை இழக்காத வீடு இங்கே எத்தனை இருக்கிறது? உங்கள் ஆட்களின் பிறந்தநாளை எழுதி வைப்பதை விட, அவர்கள் வீட்டுத் திவச நாளை எழுதி வையுங்கள். அந்தக் காலையில், 'இன்றைக்கு நேரத்தோடு போ' என்று கேட்காமலே சொல்லுங்கள். அன்று மட்டும் கேக்கும் வேண்டாம், பேச்சும் வேண்டாம்.

பலசரக்கு மொத்த விற்பனை, கிளிநொச்சி: 2010இல் கடை திறந்த நாள் முதல் என்னோடு நின்றவர் ஓய்வு எடுக்கிறார். பொன்னாடை போர்த்தலாமா?

போர்த்துங்கள், அவருடைய மனைவி பிள்ளைகளையும் கூப்பிட்டு. ஆனால் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால் ஐந்து வருடம் நின்றவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. 1983ஆம் ஆண்டுச் சட்டம் அது. கவர் இல்லாமல் பொன்னாடை மட்டும் போர்த்தினால் ஊர் சிரிக்கும்.

மூன்று பேர் கேட்டது: ரீசேட் அடித்துக் கொடுக்கலாமா?

கடைப் பெயர் முதுகு முழுக்க இருந்தால் அது உங்கள் விளம்பரம். சின்னதாக இருந்தால் சரி. அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கலாம் என்பது என் எண்ணம்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: சம்பளம் கூட்டாமல் தட்டிக் கொடுத்தே காலம் ஓட்ட முதலாளிமாருக்கு வழி சொல்லிக் கொடுக்கிறீர்கள்.

அப்படிப் பாவிக்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. வருமானம் ஏறிய பிறகும் தேத்தண்ணியும் வடையும் கொடுத்துச் சமாளிக்கிற இடத்தில் நின்று மினக்கெட வேண்டாம். போகும்போது மறக்காமல் வேலைச் சான்றுக் கடிதம் கேளுங்கள். என்னென்ன வேலை தெரியும் என்று விபரமாக எழுதிக் கையெழுத்து வைத்த கடிதம் அடுத்த இடத்தில் உதவும். முதலாளிமாரே, ஒரு தாளும் பேனையும் தவிர இதற்கு ஒரு செலவும் இல்லை.

பரந்தன் அரிசி ஆலை மறுபடி: அண்ணை, இரண்டு பேருடைய வயலுக்கும் ஒரே நாளில் மெசின் வந்தால்?

வீட்டில் வேறு ஆள் இல்லாதவர் முதலில் போகட்டும். மற்றவரின் வயலுக்கு நீங்கள் போய் நில்லுங்கள். பகிடி இல்லை. ஆலை முதலாளி வரம்பில் நின்று மூடை எண்ணினால் அந்தக் கதை இரணைமடு முழுக்க ஓடும். நெல்லும் உங்கள் ஆலைக்குத்தானே வரப் போகிறது.