திருமண வீடியோ எடிட்டிங்குக்கு மிக விலையுயர்ந்த பிராசசர் தேவையா?

கேள்வி: திருமண வீடியோக்களை 4கே தரத்தில் பிரீமியர் மென்பொருளில் எடிட் செய்து தருகிறேன். கேமரா எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் (கோடெக்), நிற விவரம் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 வடிவில் பதிவு செய்கிறது. கணினியில் பழைய ஆறு கோர் ரைசன் பிராசசரும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டும் உள்ளன. டைம்லைனை நகர்த்தும்போதெல்லாம் காட்சி தடுமாறுகிறது. கடையில் கோர் ஐ9-14900கேஎஸ் வாங்கச் சொல்கிறார்கள். நண்பர், ஏஎம்டியின் பல கோர் பிராசசரான த்ரெட்ரிப்பர்தான் நிரந்தரத் தீர்வு என்கிறார். அவ்வளவு பணம் போடுவது சரியா?

பதில்: இரண்டுமே உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் காட்சி தடுமாறுவதற்குக் காரணம் கோர்களின் பற்றாக்குறை அல்ல, அந்த வகைக் கோப்பைப் பிரித்துப் படிக்கும் சுற்று உங்கள் கணினியில் இல்லாததே என்று நீங்கள் தந்த விவரங்களிலிருந்து தெரிகிறது.

எச்.265 கோடெக் பெரும்பாலான ஃபிரேம்களை முழுப் படமாகச் சேமிப்பதில்லை. அருகிலுள்ள ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டுமே குறித்து வைக்கிறது. ஆகவே டைம்லைனின் நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினால், அந்த ஒரு படத்தைக் காட்டுவதற்காக அதைச் சுற்றியுள்ள பல படங்களையும் கணக்கிட வேண்டியிருக்கிறது. இந்த வேலைக்கென்றே அமைந்த தனிச் சுற்று, இன்டெல் பிராசசர்களின் உள்ளமைந்த கிராபிக்ஸில் குவிக் சிங்க் என்ற பெயரில் இருக்கிறது. 10 பிட் 4:2:2 எச்.265 கோப்புகளை 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களிலிருந்தே அது கையாள்கிறது. என்விடியா இந்த வசதியை 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்த்தது என்பதால் உங்கள் 3060 இங்கே உதவாது. த்ரெட்ரிப்பரில் உள்ளமைந்த கிராபிக்ஸே கிடையாது. பல லட்சம் ரூபாய் கொடுத்து அதை வாங்கினாலும், இந்தக் கோப்புகளை அதன் கோர்கள் மென்பொருள் வழியாகவே பிரிக்க வேண்டியிருக்கும்.

கடைக்காரர் சொன்ன 14900கேஎஸ் பிராசசரில் குவிக் சிங்க் உண்டு. ஆனால் அதே யூஎச்டி 770 கிராபிக்ஸ்தான், அறிமுக விலையில் பாதிக்கும் குறைவான கோர் ஐ5-14600கே பிராசசரிலும் இருக்கிறது. உச்சியில் விலை எப்படி ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள்: 14900கே 589 டாலருக்கு 6.0 கிகாஹெர்ட்ஸ் உச்ச வேகத்துடனும், 14900கேஎஸ் 689 டாலருக்கு 6.2 கிகாஹெர்ட்ஸுடனும் அறிமுகமாயின. ஏறக்குறைய 17 சதவீதக் கூடுதல் விலைக்கு 3 சதவீதத்துக்குச் சற்று அதிகமான வேகமே கிடைக்கிறது. அதுவும் ஓரிரு கோர்கள் மட்டும் சூடேறாத சில நொடிகளுக்கு எட்டும் வேகம்.

த்ரெட்ரிப்பர் பற்றி உங்கள் நண்பர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது, ஆனால் அது வேறு தொழிலுக்குரியது. 96 கோர்கள் கொண்ட த்ரெட்ரிப்பர் புரோ 7995டபிள்யூஎக்ஸ் 9,999 டாலருக்கும், ஆறு கோர்கள் கொண்ட ரைசன் 5 7600 பிராசசர் 229 டாலருக்கும் 2023இல் விற்பனைக்கு வந்தன. இரண்டும் ஏஎம்டியின் ஜென் 4 என்ற ஒரே கட்டமைப்பைச் சேர்ந்தவை. இரண்டின் உச்ச வேகமும் 5.1 கிகாஹெர்ட்ஸ். அதிகப் பணத்துக்குக் கிடைப்பவை கூடுதல் கோர்களும், எட்டு மெமரி சேனல்களும், பல கார்டுகளைச் செருகும் வசதியுமே. கோர்களுக்குப் பகிர்ந்தளிக்க முடியாத ஒற்றை வேலை அதனால் வேகமாக முடிந்துவிடாது. ஒரு வேலையில் 90 சதவீதத்தை மட்டுமே கோர்களுக்குப் பகிர்ந்தளிக்க முடியுமானால், ஆம்டால் விதியின்படி 8 கோர்களில் அது சுமார் 4.7 மடங்கும் 64 கோர்களில் சுமார் 8.8 மடங்கும் வேகமாகுமே தவிர, எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் 10 மடங்கைத் தொடாது. முப்பரிமாணக் காட்சிகளை இரவு முழுவதும் பிராசசரிலேயே ரெண்டர் செய்யும் ஸ்டூடியோக்களிலும், பொறியியல் சிமுலேஷன் செய்யும் நிறுவனங்களிலும் பகிரக்கூடிய பங்கு மிக அதிகம். அவர்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாவதே வருமானம் என்பதால் அந்த விலை நியாயமானதுதான்.

"நிரந்தரத் தீர்வு" என்ற நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. 2017இல் 18 கோர் கோர் ஐ9-7980எக்ஸ்இ 1,999 டாலர். 2019இல் அதே 18 கோர்களை ஐ9-10980எக்ஸ்இ 979 டாலருக்குத் தந்தது. உச்ச விலை பிராசசரின் மதிப்பு இப்படித்தான் விரைவாகக் கரைகிறது.

எதையும் வாங்குவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். தடுமாறும் கோப்புகளுக்குப் பிரீமியரிலேயே புராக்ஸி (எடிட் செய்வதற்கு மட்டுமான இலகுவான நகல்) உருவாக்கி அவற்றைக் கொண்டு எடிட் செய்து பாருங்கள். தடுமாற்றம் நின்றுவிட்டால் சிக்கல் கோப்பைப் பிரிப்பதில்தான் என்பது உறுதியாகும். அவசர வேலை இல்லையென்றால் புராக்ஸியிலேயே தொடரலாம், புதுப் பிராசசரே வேண்டியதில்லை.

வாங்கத்தான் வேண்டுமென்றால், மதர்போர்டையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் கொண்டு 14600கே வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ராமை 64 ஜிபியாக உயர்த்தி, கோப்புகளுக்கென ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சற்று மலிவாகக் கிடைக்கிறதே என்று 14600கேஎஃப் வாங்கிவிடாதீர்கள். பெயரின் இறுதியில் 'எஃப்' இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் செயல்படாது, உங்களுக்குத் தேவையான குவிக் சிங்க்கும் கிடைக்காது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பலவற்றில் மிகை மின்னழுத்தத்தால் நிலையின்மை ஏற்பட்டு, அதற்கான மைக்ரோகோட் (பிராசசரின் உள் கட்டளைகள்) திருத்தம் 2024 ஆகஸ்டிலிருந்து வெளியானது. 14600கேவும் அந்தப் பட்டியலில் இருப்பதால், விண்டோஸை நிறுவுவதற்கு முன்பே அந்தத் திருத்தம் சேர, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிடுமாறு கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.