பழைய .22 ஹார்னெட் ரைஃபிளை வைல்ட்கேட் தோட்டாவுக்கு மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் கே-ஹார்னெட்டுக்கு மட்டும், அதாவது அதே ஹார்னெட் கூட்டை நிமிர்த்திச் செய்யும் தோட்டாவுக்கு மட்டும். அதைத் தாண்டிப் போக வேண்டாம்.

நான் மேற்கு டெக்ஸஸில் இருக்கிறேன். மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டும் ப்ரெய்ரி டாக் என்ற அணில் வகைப் பிராணியைச் சுடுவதற்காகப் பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். குழலில் .22 ஹார்னெட் என்ற தோட்டாவின் பெயர்தான் பொறித்திருந்தது. கடைத் தோட்டாவைப் போட்டுச் சுட்டேன், குறியும் தவறவில்லை. ஆனால் வெளியே வந்து விழுந்த பித்தளைக் கூடுகளைப் பார்த்ததும் பயந்துபோனேன். ஹார்னெட் கூடு அடியிலிருந்து மெல்லக் குறுகிக்கொண்டே போய்க் கழுத்தில் முடியும். இவையோ நேராக நிமிர்ந்து நின்று, கழுத்துக்குக் கீழேயுள்ள தோளில் சட்டென்று மடங்கியிருந்தன. துப்பாக்கி வேலை செய்பவரிடம் காட்டினேன். முன்பு வைத்திருந்தவர் சேம்பரை, அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறையை, கடைந்து கே-ஹார்னெட் ஆக்கிவிட்டு, குழலில் அதை எழுதாமல் விற்றிருக்கிறார் என்றார்.

வைல்ட்கேட் என்றால் பெரிய கம்பெனிகள் தயாரித்து விற்காத தோட்டா. இருக்கிற கூட்டின் வடிவத்தை மாற்றி நாமே செய்துகொள்வது. ஹார்னெட்டே அப்படிப் பிறந்ததுதான். 1920களில் ஸ்ப்ரிங்ஃபீல்டு ஆயுதசாலையைச் சேர்ந்தவர்கள், கருமருந்துக் காலத்து .22 டபிள்யூ.சி.எஃப். என்ற பழைய தோட்டாவின் கூட்டை வைத்து அதை உருவாக்கினார்கள். 1930-ல் வின்செஸ்டர் கம்பெனி அந்தத் தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான், அதற்கென்றே செய்த ரைஃபிள்கள் கடைக்கு வந்தன. அந்தக் கூட்டை லைல் கில்போர்ன் 1940 வாக்கில் நிமிர்த்தினார். 'கே' என்பது அவருடைய குடும்பப் பெயரின் (Kilbourn) முதல் எழுத்து.

இந்த மாற்றம் எளிதாக இருப்பதற்குக் காரணம் கூட்டின் அடியிலுள்ள விளிம்பு. தோட்டா சேம்பரில் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதைத் தோள் தீர்மானிப்பதில்லை, அந்த விளிம்புதான் தாங்கி நிறுத்துகிறது. அதனால் ரீமர் என்ற கடையும் கருவியால் சேம்பரை அகலப்படுத்தினால் பெரும்பாலும் போதும், குழலைப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்த வேண்டியதில்லை. அப்புறம், சாதாரண ஹார்னெட் தோட்டாவை அதில் சுட்டால் கூடு புது சேம்பரின் வடிவத்துக்குத் தானாகவே உப்பிக்கொள்ளும். அந்த முதல் சூட்டையும் வேட்டையிலேயே செய்யலாம், வீணாவது எதுவுமில்லை.

கிடைக்கும் வேகம் வினாடிக்கு 100 முதல் 200 அடி வரை கூடுதல். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எனக்குப் பிடித்தது கூட்டின் ஆயுள். ஹார்னெட்டின் பித்தளை மெல்லியது, உடல் சரிவாக இருப்பதால் சுடச் சுட நீண்டு சீக்கிரம் கிழியும். நிமிர்ந்த கூடு அவ்வளவு நீளாது, பல தடவை மறுபடி நிரப்பலாம். ஆனால் சுட்ட கூட்டை மறுபடி நிரப்புமுன் அளவுக்கு அழுத்தும் அச்சான டை, அதற்கென்று தனியாக வாங்க வேண்டும். நான் விஷயம் தெரியாமல் சாதாரண ஹார்னெட் டையில் அழுத்தி அழுத்தி ஒரு பெட்டிக் கூடுகளைப் பாழாக்கினேன்.

உங்களுடையது ரொம்பப் பழையது என்றால் முதலில் குழலின் உள்விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். ஆரம்பகால ஹார்னெட்டுகளில் .223 அங்குலக் குழல்கள் உண்டு, இப்போது விற்கும் குண்டுகள் பெரும்பாலும் .224. கடைந்த சேம்பரைத் திரும்ப மூட முடியாது, குழலையே மாற்ற வேண்டிவரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இதைவிட வேகம் வேண்டுமென்றால் .22-250 ரைஃபிள் ஒன்றை வாங்கிவிடுங்கள். அதுவும் வைல்ட்கேட்டாக இருந்து, 1965-ல் ரெமிங்டன் கம்பெனி கையில் எடுத்த தோட்டாதான்.

கடைசியாக, கடைந்து முடித்த அன்றே குழலில் புதுப் பெயரைப் பொறிக்கச் சொல்லுங்கள். என்னுடையதில் பழைய எழுத்துக்கு முன்னால் ஒரு 'கே' வெட்டிச் சேர்த்துக் கொடுத்தார், ஐந்து நிமிட வேலை.