தியேட்டர் கிடைக்காத சின்னப் படங்களுக்கு வீடியோ ஆன் டிமாண்டால் என்ன லாபம்?

வீடியோ ஆன் டிமாண்ட் என்றால் நாம் கேட்கிறபோது படம் ஓடும், காட்சி நேரம் கிடையாது, அவ்வளவுதான். தியேட்டரில் போஸ்டர், புரொஜெக்‌ஷன் கட்டணம் எல்லாம் முன்னாடியே கட்டினாலும், வெள்ளி முதல் ஞாயிறுக்குள் கூட்டம் வராவிட்டால் திங்கட்கிழமை தூக்கிவிடுவார்கள். பாம்பன் கரையில் பச்சை மீனை அன்றைக்கே ஏலத்தில் தள்ளியாக வேண்டும், வியாபாரி சொன்னதுதான் விலை. அதையே உப்புப் போட்டுக் காயவைத்தால் மாதக்கணக்கில் வைத்து, கேட்கிறவருக்குக் கேட்கிறபோது விற்கலாம். ஆன் டிமாண்ட் அந்தக் கருவாடு (படத்தைச் சொல்லவில்லை, விற்கிற முறையைச் சொல்கிறேன்!). ராமநாதபுரத்தில் ஓடாத படத்தைக் கீழக்கரைக்காரர் துபாயில் இருந்தபடி வாடகை கட்டிப் பார்த்துவிடலாம். விமியோ என்ற வீடியோ தளம் 2013-ல் கொண்டுவந்த விமியோ ஆன் டிமாண்ட், வருமானத்தில் பரிவர்த்தனைச் செலவு போக 90 சதவீதம் படம் எடுத்தவருக்கே என்றது. ஆனால் ஏற்றிவிட்டாலே பணம் கொட்டும் என்று நினைக்காதீர்கள். பெரிய தளங்கள் எல்லாப் படத்தையும் வாங்குவதில்லை, வாடகை முறையில் யாராவது பார்த்தால்தான் காசு, அந்த ஆளைத் தேடிப் பிடிப்பது இன்னும் உங்கள் வேலைதான்.