நாம் வாழும் உலகமே ஒரு சிமுலேஷனா? அது தெரிந்தால் தாங்குவோமா?

சிமுலேஷன் என்றால், ஒன்றின் இயக்கத்தைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பது. புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று வானிலை மையம் கணிப்பது அப்படித்தான். கணினிக்குள் சுழலும் அந்தப் புயலில் யாரும் நனைவதில்லை. சரி, மனதோடு சேர்த்து ஒரு மனிதரையும் உள்ளே உருவாக்கிவிட்டால்? அவர் நனைவார், குளிரில் நடுங்குவார். தத்துவ அறிஞர் நிக் போஸ்ட்ரம் 2003-இல் வைத்த வாதத்தின் வேர் இதுதான்: அப்படிப்பட்ட உலகங்கள் ஏராளமாக உருவானால், அசல் மனிதர்களைவிட உள்ளே இருப்பவர்களே அதிகம், நாமும் அவர்களில் ஒருவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

உண்மை தெரிய வேண்டுமா? எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். உப்பு என்பது சோடியமும் குளோரினும் என்று பள்ளியில் படித்த அன்று வீட்டுச் சாம்பாரின் ருசி குறையவில்லையே.

அப்புறம், 'போஸ்ட்ரம் நிரூபித்துவிட்டார்' என்று பலர் சொல்வது தவறு. அப்படிப்பட்ட உலகங்களை உருவாக்கும் திறனை எட்டும் முன்பே மனித இனம் அழியலாம், எட்டினாலும் செய்யாமல் விடலாம் என்ற இரண்டு வழிகளையும் அவர் திறந்தே வைத்திருக்கிறார்.