ஷூட்டிங்கில் குதிரைக்குக் காலில் அடி; பழைய தேதியில் கையெழுத்துக் கேட்கிறார்கள்

கேள்வி: பாபநாசம் பக்கத்தில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறேன். தெருவில் கட்டி நிற்கிற காட்சி என்று சொல்லி, ஒரு சினிமா கம்பெனி இரண்டு நாளுக்கு, நாள் 6,000 ரூபாய் பேசிக் கூட்டிப்போனது. அட்வான்ஸ் 3,000. இரண்டாம் நாள் தண்ணீர் தெளித்த கருங்கல் தளத்தில் ஓடவிட்டார்கள். சறுக்கி விழுந்து இடது முன்னங்கால் வீங்கிவிட்டது. மீதி வாடகையும் தரவில்லை, வைத்தியச் செலவும் தரவில்லை. ஒரு மாதம் முன்பே நான் விவரம் கொடுத்ததாகப் பழைய தேதி போட்ட தாளில் கையெழுத்துக் கேட்கிறார் மேனேஜர். இல்லாவிட்டால் ‘பதிவில்லாத குதிரை, கேஸ் உன் மேல்தான்’ என்கிறார்.

பதில்: போடாதீர்கள். சினிமாவில் விலங்கைப் பயன்படுத்த, 2001-ம் ஆண்டின் காட்சி விலங்குகள் பதிவு விதிகளின்படி நான்கு வாரம் முன்பே இடம், தேதி, நேரத்தை விலங்குகள் நல வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்றும் வேண்டும். வாரியத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் சென்சார் நகராது. அவர்கள் அவசரம் அதுதான். ‘பாக்கியைக் கொடுங்கள், போடுகிறேன்’ என்று போனில்கூடச் சொல்லிவிடாதீர்கள். பொய் ஆவணத்துக்கு நீங்களும் கூட்டாளி ஆவீர்கள்.

மேனேஜர் மிரட்டுவதில் பாதி உண்மை. டிக்கெட் இல்லாத கல்யாண ஊர்வலத்துக்கு இந்தப் பதிவு தேவையில்லை, சினிமாவுக்குத் தேவை. மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 26-ன்படி 500 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் காட்சிக்குப் பயன்படுத்தியவர்கள் அவர்கள். வழுக்கும் தளத்தில் சறுக்காத விரிப்பு இல்லாமல் விலங்கை விடக்கூடாது, ஓய்வில்லாமல் டேக் மேல் டேக் எடுக்கக்கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. இரும்பு லாடம் ஈரக் கருங்கல்லில் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தேங்காய்நார் விரிப்பாவது போட்டார்களா?

பணத்துக்கு வருவோம். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 154: வாடகைக்கு வாங்கிய பொருளைப் பேசியதற்கு மாறாகப் பயன்படுத்தினால், அதனால் வரும் சேதத்துக்கு வாங்கியவரே பொறுப்பு. நிற்க வைக்கப் பேசி ஓட விட்டது நேராக இதில் விழும். இடறுவது ஒரே இடத்தில்: கடிவாளத்தைப் பிடித்திருந்தது உங்கள் ஆளா? அவர் ‘சரி, ஓட்டுகிறேன்’ என்றிருந்தால் வாதம் இளகும். அவரிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

பதிவில்லாததால் ஒப்பந்தமே சட்டவிரோதம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 23-ஐ நீட்டுவார்கள். வாடகைப் பாக்கிக்கு அது ஆபத்துதான். கவனக்குறைவால் வந்த காயம் தனி வழக்குக் காரணம் என்பதால், நோட்டீஸில் காயத்தை முதலில் வைத்து, 9,000 பாக்கியைப் பிறகு கேளுங்கள்.

சான்று: கால்நடை மருந்தக ஓபி சீட்டு, எந்தக் கால், என்ன காயம், எத்தனை நாள் ஓய்வு என்று எழுதிய மருத்துவர் சான்று. எக்ஸ்ரே தேவைப்பட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். பேசியதற்கு வாட்ஸ்அப் குரல் பதிவு இருந்தால் அந்தப் போனை மாற்றாதீர்கள். கோர்ட்டில் அதற்குத் தனிச் சான்றிதழ் தர வேண்டும். ரத்து செய்த ஊர்வலங்களின் முன்பதிவுச் சீட்டுகளையும் சேருங்கள், வருமான இழப்புக்கு அவைதான் கணக்கு.

போலீஸில் விலங்கை ஊனமாக்கிய புகார் கொடுக்கலாமா என்று யாராவது சொல்வார்கள். அதற்கு வேண்டுமென்றோ, விளைவு தெரிந்தோ செய்தது நிரூபணமாக வேண்டும். உங்கள் விஷயத்தில் நிற்காது. மிருகவதைப் பிரிவு 11-ல் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய், டீச் செலவுக்குக்கூடக் காணாது.

வக்கீல் நோட்டீஸில் 15 நாள் கெடு கொடுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு போடலாம். அதுவும் பலிக்காவிட்டால், விழுந்த இடம் எந்த முன்சீப் கோர்ட் எல்லையோ அங்கேயே வழக்கு. சென்னைக்கு அலைய வேண்டாம். வாடகைக்குக் காலக்கெடு மூன்று வருடம்.

அடுத்த சினிமா அட்வான்ஸை வாங்கும் முன் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். வாரிய அலுவலகம் இப்போது திருவான்மியூரில் இல்லை, ஹரியானாவின் பல்லப்கட்டில் இருக்கிறது.